சொந்த வார்த்தையில் எழுதுக

எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிட்சை வந்தால் ஹால் சூப்பர்விஷனுக்கு முதலில் கூப்பிடுவது என்னைத்தான். திண்டிவனத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. நான் மூன்றாம் வகுப்பு மிஸ். ஆனால் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளும் என்னைக் கண்டால் அடங்கி உட்காருவார்கள். தாள் மடிகிற சத்தம் எனக்கு அறையின் அந்தக் கோடியிலிருந்தே கேட்கும். “அந்த மிஸ்ஸுக்கு முதுகுலயும் கண்ணு கீது” என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். கேட்காத மாதிரி நடந்துபோய்விட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் காப்பியடித்துவிட்டேன் என்று என் ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு மெயில் வந்தது.

நான் படித்தது பிளஸ் டூ வரைக்கும்தான். விழுப்புரத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் அப்பா மூட்டை தூக்கினார். அம்மா வேர்க்கடலை சீசனில் மல்லாட்டை பிடுங்கப் போவாள், மற்ற நாளில் நடவு, களையெடுப்பு. எங்கள் தெருவில் பிளஸ் டூ பாஸ் பண்ணிய முதல் பெண் நான். அது 1993. அந்தப் பாஸின் ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இங்கிலீஷ் புரியாது, மனப்பாடம் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். என் ஆங்கில ஆசிரியை ஒருமுறை என் விடைத்தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். “பாருங்கடி, நோட்ஸ்ல இருக்கற கமாகூட மாறாம எழுதியிருக்கா.” அன்று கிடைத்த கைத்தட்டல் போல எனக்கு வேறெதுவும் வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்தபோது அந்தக் கைத்தட்டல்தான் வேலையும் வாங்கிக் கொடுத்தது. பள்ளியின் பழைய தாளாளர், “ஏதாவது இங்கிலீஷ்ல பேசும்மா” என்றார். பத்தாம் வகுப்பில் படித்த பசுவைப் பற்றிய கட்டுரையை நிறுத்தாமல் சொன்னேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

கால் நூற்றாண்டு அப்படியே போயிற்று. பிறகு, பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் இனி வகுப்பெடுக்கக் கூடாது என்று பேச்சு வந்தது. பழைய தாளாளரின் மகன்தான் இப்போது தாளாளர். அவர் என்னைக் கூப்பிட்டு, “ஒண்ணும் பயப்படாதீங்க மிஸ். ஆன்லைன் காலேஜ் ஒண்ணு இருக்குது. வூட்ல இருந்துக்கினே படிக்கலாம். ஸ்கூல் மூலமா சேத்து வுடுறேன்” என்றார். சேர்த்தும் விட்டார். அதனால் கல்லூரியிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதமும் எனக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று போகும்படி ஆயிற்று.

என் மகள் அப்போது விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பிளஸ் டூவில் அவளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில்தான் என் வகுப்பு. முதல் நாள் அவள் விதிகளை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் காலிஃபிளவரை உப்புத் தண்ணீரில் போட்டுப் புழு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடியோ பாடத்தை ஓட்டிவிடாமல் கடைசிவரை பார்க்க வேண்டும். வாராவாரம் விவாதப் பலகையில் நாம் ஒன்று எழுத வேண்டும், மற்றவர் எழுதியதற்குப் பதிலும் போட வேண்டும். அசைன்மென்ட் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும், தாமதமானால் மார்க் குறையும். கடைசிப் பரிட்சை கேமராவுக்கு முன்னால். எல்லாப் பதிலும் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும்.

“சொந்த வார்த்தையிலன்னா?” என்றேன்.

“நீயா எழுதணும்மா. அவ்ளோதான்.”

“நான்தானே எழுதப் போறேன்? என் பரிட்சைய வேற யாரு வந்து எழுதுவாங்க?”

அவள் சிரித்துக்கொண்டே ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தை அழுத்தினாள். எனக்குச் சொந்த வார்த்தை என்றால் சொந்தக் கை என்றுதான் அர்த்தம் பட்டது. அதைத் தவிர வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை.

முதல் அசைன்மென்ட், வகுப்பறையில் குழந்தை மொழியை எப்படிக் கற்கிறது என்பது. உங்கள் வகுப்பை வைத்து விளக்குக என்றும் போட்டிருந்தது. பாடப் பகுதியைப் பிரிண்ட் எடுத்து அடுப்பங்கரையில் சுவரோடு ஒட்டிவைத்தேன். தோசை திருப்பும்போது, பாத்திரம் கழுவும்போது, ஷேர் ஆட்டோவில் பள்ளிக்குப் போகும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. மகள், “நான் கொஞ்சம் எழுதித் தரட்டுமாம்மா, காலேஜ்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அதுக்குப் பேரு காப்பி. என் வூட்ல அது நடக்காது” என்றேன். சனிக்கிழமை உட்கார்ந்து, அந்தப் பிரிண்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு விரலால் தட்டித் தட்டி முழுவதையும் அடித்தேன். எங்கேயும் தடங்கவில்லை. இந்த வயதிலும் நினைவு இப்படி இருக்கிறதே என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மெயில் வந்தது அதற்கடுத்த வாரம். மகள் கல்லூரி விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் போனில் அதை வாசித்தாள். வாசித்தவள் நிறுத்திவிட்டாள்.

“இன்னாடி, எவ்ளோ மார்க்கு?”

“மார்க்கு போடலம்மா. பூஜ்யம்னு போட்டிருக்காங்க. ஏதோ பிளேஜியரிசம்னு...”

“அப்டின்னா?”

அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. போனில் தட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் காட்டத் தயங்கினாள். நானே வாங்கிப் பார்த்தேன். கருத்துத் திருட்டு என்று இருந்தது. மெயிலோடு என் கட்டுரையும் வந்திருந்தது. அதை ஏதோ ஒரு மெஷின் சோதித்திருக்கிறது. தலைப்பையும் என் பெயரையும் தவிர எல்லா வரியிலும் சிவப்பு.

அந்தச் சொல்லில் முதல் பாதி எனக்கு ஏறவில்லை. இரண்டாவது பாதி மட்டும்தான் கண்ணில் நின்றது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மல்லாட்டைக் கொல்லையில் வேலை முடிந்து பெண்கள் கிளம்பும்போது வரப்பில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராக மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மா உதறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மல்லாட்டைகூட விழுந்ததில்லை. விழவில்லை என்பதற்காக யாரும் அவளிடம் எதுவும் சொன்னதுமில்லை. நான் படித்தது, டீச்சரானது எல்லாம் அந்த வரப்பிலிருந்து இறங்கிப் போவதற்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சாயந்திரம் வந்ததும் மகள் விஷயத்தைச் சொன்னாள். “இதுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற? பேஜாரு புடிச்ச படிப்பு. வேணாம்னு சொல்லிட்டு வேலைய பாரு” என்றார். வேலையே அந்தப் படிப்பில்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். சாப்பிடும்போது என் தட்டில் அவராகவே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மறுநாள் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கு வந்த மெயிலை அவர் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். பீஸ் கட்ட வந்த ஒரு தகப்பனாரும், பி.டி. சாரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் வாசலிலேயே நின்றேன்.

“வாங்க மிஸ், வாங்க. இன்னா இது, நீங்களே இப்டி பண்ணிக்கினு இருந்தா எப்டி?” என்று தாளாளர் சிரித்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

“நான் பாத்து எழுதல சார்.”

“மெஷினு சொல்லுதே மிஸ். மெஷினுக்கு உங்க மேல இன்னா கோவம்?”

பி.டி. சார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நல்லவர், என்னைப் பார்க்கக் கூடாதென்றுதான் குனிந்தார். பீஸ் கட்ட வந்தவர் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பையன் என் கையில் பிட்டோடு பிடிபட்டு, பரிட்சை முடிகிறவரை வாசலில் நின்றவன். அடுத்த வாரத்து மாதத் தேர்வுக்கு என் இடத்தில் பி.டி. சார் பெயரைப் போட்டார்கள்.

விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்புத் தருவதாக மெயிலில் இருந்தது. வீடியோ கால். மகள் லேப்டாப்பை மடிப்பு மேசைமேல் வைத்து, பின்னால் துணிக்கொடி தெரியாதபடி திருப்பிவிட்டு, கேமராவில் படாத மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எதிரே வந்தவர் எங்கள் பாடத்தின் விரிவுரையாளர். சென்னைக்காரர். என் மகளைவிடப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம். நல்ல தமிழில் பேசினார்.

“மேடம், பாடத்துல இருக்கறத அப்படியே எடுத்துப் போட்டிருக்கீங்க. விதி தெரியும் இல்லையா?”

“எடுத்துப் போடல மேடம். பிரிண்ட்டைக் கிழிச்சிப் போட்டுட்டுத்தான் அடிச்சேன்.”

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “சொல்லிக் காட்டட்டுமா மேடம்?” என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் அவர் ஏதோ சொன்னார், நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விட்டுப்போகும். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது மகள் தெரிந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான் நிரூபித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க பாத்து எழுதலன்னு நம்பறேன் மேடம்” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “ஆனா புக்குல இருக்கறது புக்க எழுதினவரோடது. நீங்க மனப்பாடம் பண்ணினதால உங்களோடதா ஆயிடாது. சரி, அத விடுங்க. மூணாவது பத்தியில ஸ்கேஃபோல்டிங்னு வருதே, அது என்னன்னு தமிழ்ல சொல்லுங்க.”

நான் இங்கிலீஷில் அந்த வரியைச் சொன்னேன்.

“தமிழ்ல.”

வரவில்லை.

“பரவாயில்ல. உங்க கிளாஸ்ல ஒரு குழந்தையப் பத்திச் சொல்லுங்க. எந்தக் குழந்தையா இருந்தாலும் சரி. அது எப்படிப் பேசும், எதுக்குச் சிரிக்கும், எங்க தடுமாறும்?”

“நல்லா படிக்கும் மேடம்” என்றேன். “ஒழுங்கா இருக்கும். ஹோம்ஒர்க் முடிச்சிடும்.”

“எந்தக் குழந்தை?”

நான் வாயைத் திறந்தேன். என் வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் பெயரும் தெரியும், வரிசையாக அட்டெண்டன்ஸ் சொல்வேன். ஆனால் யாரைப் பற்றியும் ஒரு வரி வரவில்லை. திருடி என்று மெயில் வந்த அன்றைவிட எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உடம்பு கூசியது. திருட்டை இல்லை என்று சொல்லலாம். இதை எப்படி இல்லை என்பது? அவர் மறுபடியும் எழுத ஒரு வாரம் தருவதாகவும், ஒரே ஒரு குழந்தையைக் கவனித்து, பார்த்ததை மட்டும் எழுதும்படியும் சொல்லிவிட்டு வைத்தார்.

லேப்டாப்பை மூடிய மகள், “அம்மா, அவங்க கேட்டது...” என்று ஆரம்பித்தாள். “தெரியும்டி” என்றேன். அவள் டீ போடப் போய்விட்டாள்.

நான் தேர்ந்தெடுத்த பெண் ஜன்னலோரப் பெஞ்சில் உட்காருகிறவள். அவளை எனக்குப் பிடிக்கும். காரணம், எதைக் கொடுத்தாலும் மறுநாள் தப்பில்லாமல் ஒப்பிப்பாள். அந்த மாதம் நான் ‘மை ஹவுஸ்’ கட்டுரை கொடுத்திருந்தேன். என் வீடு பெரியது, அதில் நான்கு அறைகள் உள்ளன, முன்னால் ஒரு தோட்டம் இருக்கிறது, தோட்டத்தில் ரோஜா பூக்கும். போர்டில் எழுதிப் போட்டேன், வகுப்பே எழுதிக்கொண்டது. எல்லா நோட்டிலும் நான்கு அறை, எல்லா நோட்டிலும் ரோஜா.

மதியச் சாப்பாட்டு மணியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பயந்து டிபன் பாக்ஸை மூடினாள்.

“சாப்புடு, சாப்புடு. உங்க வூட்ல நாலு ரூம் இருக்குதா?”

“எஸ் மிஸ். தேர் ஆர் ஃபோர் ரூம்ஸ் இன் மை ஹவுஸ்.”

“அது கட்டுரைல. நெசமா கேக்கறேன்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கோபமில்லை என்று தெரிந்ததும் சிரித்தாள். “எங்க வூட்ல ரூமே இல்ல மிஸ்” என்றாள். அப்புறம் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா புளி குடோனுக்கு வாட்ச்மேன். குடோனுக்குப் பின்னால்தான் வீடு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் பிளக்ஸ் பேனர். யாரோ ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தபோது அடித்த பேனர். “எங்க செவுத்துல ஒரு அக்கா இருக்காங்க மிஸ். கிரீடம் வெச்சிக்கினு, நகை போட்டுக்கினு. பேரு இருக்கற எடம் மடிஞ்சி உள்ள போயிடுச்சு. தூங்கறதுக்கு முன்னாடி நான் அவங்களுக்கு குட் நைட் சொல்வேன். காத்து அடிச்சா அவங்க வயிறு உப்பும்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளோடு பேசினேன். பிறகு எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சின்னச் சின்ன வரியாக. மகள் இலக்கணத்தைத் திருத்தட்டுமா என்றாள், வேண்டாமென்றேன். குடோன், பேனர், அந்த அக்கா, குட் நைட், நான் போர்டில் எழுதிய நான்கு அறை, எல்லாம் அதில் வந்தது. குழந்தையின் பெயரை மட்டும் போடவில்லை.

நல்ல மார்க் வந்தது. அதோடு விரிவுரையாளர் அதை விவாதப் பலகையின் மேலே எல்லோரும் படிக்கும்படி வைத்தார். எந்தெந்த ஊரிலோ இருக்கிற ஆசிரியர்கள் கண்ணீர் வந்தது என்றும், அருமை என்றும் பின்னூட்டம் போட்டார்கள். நான் மகளை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். பிறகு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்த் தாளாளர் மேசைமேல் வைத்தேன். அவர் அறையில் பட்ட அவமானத்தை அவர் அறையிலேயே துடைக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. அவரும் படித்துவிட்டு, “சூப்பர் மிஸ்” என்றார். அன்று மதியமே அதைப் போட்டோ எடுத்து, நம் பள்ளி ஆசிரியையின் சாதனை என்று எழுதி, பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். எனக்கும் அந்தக் குரூப் உண்டு. கைத்தட்டல் படங்கள் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பள்ளி விடுகிற நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை. நேராக அங்கிருந்து வந்திருந்தாள் போல, தலைமுடியில் சிவப்புத் தோல் தூசி அப்படியே இருந்தது. மற்ற அம்மாக்களும் நின்றார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“மிஸ், அது எங்க வூடுதானே?”

“பேரு போடலம்மா நானு.”

“பேரு போடலன்னா? புளி குடோனுக்குப் பின்னாடி வேற யாரு வூடு இருக்குது? நேத்திலிருந்து ஒவ்வொருத்தரா போன்ல காட்டறாங்க. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அவங்களே படிச்சிப் படிச்சி அர்த்தம் சொல்றாங்க.”

“நல்லாத்தாம்மா எழுதியிருக்கேன். எல்லாரும் பாராட்டியிருக்காங்க.”

“யார? உங்களயா, எங்க வூட்டயா?”

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நாலு ரூமுன்னு எழுதறதுக்குத்தான் மிஸ் அவள இங்க சேத்தேன். டெய்லி எனக்கு அத இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டுவா. ரோசா பூவு எல்லாம் சொல்வா. எனக்குப் புரியாது, ஆனா கேட்டுக்கினு இருப்பேன். பேனரு கட்டிக்கினு இருக்கறது எங்களுக்குத் தெரியாதா? அத சொல்லித் தர ஒரு மிஸ்ஸு வேணுமா?”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஒரு மன்னிப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றி நின்ற அம்மாக்களுக்கு நடுவில் என் குடையைத் தேடுவது போலப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே விரிவுரையாளருக்கு எழுதினேன். அதை எடுத்துவிடுங்கள், அந்த வீடு என்னுடையது அல்ல, கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று தமிழிலேயே எழுதினேன். அவர் உடனே எடுத்தார். கேட்டிருக்க வேண்டியவர்களில் தானும் ஒருத்தி என்று பதில் போட்டிருந்தார். தாளாளருக்குத்தான் புரியவைக்க முடியவில்லை. “நல்ல பேருதானே மிஸ் வந்துது?” என்றார். கடைசியில் குரூப்பிலிருந்து அழித்தார். ஆனால் அழிப்பதற்குள் அது யார் யார் போனிலோ போயிருந்தது.

அந்தப் பெண் அதன்பிறகும் பள்ளிக்கு வந்தாள். கேட்டால் ஒப்பித்தாள். நான் பக்கத்தில் போனால் மட்டும் டிபன் பாக்ஸை மூடிவிடுவாள்.

கடைசிப் பரிட்சை ஏப்ரலில். வீட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று விதி. வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். மகள் பக்கத்து வீட்டில். கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் ஆணையிட்டது. முகம் தெரியவில்லை. அறையைச் சுற்றிக் காட்டுங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான்கு பக்கமும் திரும்பினேன். மேசைக்குக் கீழே காட்டுங்கள். காட்டினேன். கட்டிலுக்கு அடியில் காட்டுங்கள். அங்கே அரிசி மூட்டை, பழைய மிக்ஸி, வீட்டுக்காரரின் கிழிந்த காக்கிச் சட்டை. காதைக் காட்டுங்கள், முழங்கையைக் காட்டுங்கள். புடவைத் தலைப்பை உதறச் சொன்னது அந்தக் குரல். உதறினேன். உதறும்போது அம்மாவின் கைதான் என் கையாக இருந்தது. சுத்தமாக இருக்கிறவளுக்கும் அப்படி நின்று காட்டும்போது ஒரு குற்றவாளியின் உடம்பு வந்துவிடுகிறது.

பரிட்சை ஆரம்பித்தது. கேள்வியை வாசித்தேன். திரையில் சிவப்பில் ஒரு கட்டம் வந்தது. உதடு அசைகிறது, எச்சரிக்கை. எனக்கு உதடு அசையாமல் வாசிக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மறுபடியும் வாசித்தேன், மறுபடியும் சிவப்பு. இன்னும் ஒருமுறை வந்தால் பரிட்சை ரத்து. கீழுதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். வாய் அசையாமல் போனதும் கண்ணுக்கும் எழுத்து ஏறாமல் நின்றது. ஒவ்வொரு சொல்லாகப் பல்லைக் கடித்துக்கொண்டே வாசித்தேன்.

அதிக மார்க்குள்ள கேள்வி, நீங்கள் கவனித்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதுக என்பது. நன்றாக எழுதலாம். எழுதியது முழுக்க எனக்கு மனப்பாடமாகவே இருந்தது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். அதில் ஒரு தியாகமும் இல்லை, அதைத் தொட எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். குழந்தை தானாகச் செய்யும்வரை தாங்கிப் பிடிக்கிற ஸ்கேஃபோல்டிங் பற்றிய கேள்விக்கு, என் வீட்டுக்காரர் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை எழுதினேன். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடியதையும், பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கையை விட்டதையும். இங்கிலீஷ் எப்படியிருந்ததோ தெரியாது. முடித்தபோது உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது.

பாஸானேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிகக் குறைந்த மார்க் அது. தாளாளர் காலைக் கூட்டத்தில் சால்வை போர்த்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பரிட்சை ஹாலுக்கும் மறுபடி கூப்பிட்டார்கள், போகிறேன். தாள் மடிகிற சத்தம் இப்போதும் கேட்கிறது. பிடிக்கிறேன், ஆனால் வாசலில் நிற்கவைப்பதில்லை.

ஜூனில் அந்தப் பெண் வரவில்லை. அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து, என் அக்கா வீட்டு விசேஷத்துக்காக விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். ஒரு சீட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பது அந்த அம்மா என்று தெரிந்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவளே பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “நல்லா ஒக்காருங்க மிஸ்” என்றாள்.

“பாப்பா எப்டி இருக்கா?”

“இருக்கா மிஸ். ஒயரமா வளந்துட்டா.”

அன்று கேட்டில் சொல்லாமல் விட்ட மன்னிப்பைச் சொல்வதற்காக வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடியெடுத்துத் திரும்பியபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். மில் வேலை முடித்து வந்தவளின் தூக்கம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோள் மரத்துப்போயிற்று. கண்டக்டர் டிக்கெட்டுக்கு மிச்சம் கொடுக்க வந்தபோது, அப்புறம் வாங்கிக்கிறேன் என்று கையால் சைகை காட்டினேன்.

விக்கிரவாண்டியில் டிரைவர் போட்ட பிரேக்கில் விழித்துக்கொண்டாள். “அய்யோ, உங்க மேலயே சாஞ்சிட்டனா” என்று சொல்லி, தன் முந்தானையால் என் தோளை ஒருமுறை தட்டிவிட்டாள். அவள் இறங்க வேண்டிய இடம் அதுதான். “வர்றேன் மிஸ்” என்று படியை நோக்கி நகர்ந்தாள். நான் தலையை ஆட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் சர்வீஸ் ரோட்டைக் கடந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.